இந்த வரியைப் பார்க்காதே

நேற்று சாயங்காலம் அவள் அழித்த நட்சத்திரக்குறி மறுபடியும் அதே இடத்தில் இருந்தது.

கலைமகள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். குளிர்பதன அறைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுவரில் எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் பக்கம் அது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் சிறு கோட்டுடன் தொடங்கியது. நடுவில் ஒன்று மட்டும் நட்சத்திரக்குறியுடன் தொடங்கியது. அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு, கீழே ஒரு குறிப்பு. கையேட்டைப் படிப்பவர்களுக்கு அவை தெரியாது. செக்கர் என்று ஆபிஸில் எல்லாரும் சொல்லும் சரிபார்ப்பு நிரலுக்காக மட்டும் எழுதப்பட்டவை. மேலே இருந்தது, இங்கிருந்து பார்க்காதே என்றது. கீழே இருந்தது, இனிப் பார்க்கலாம் என்றது.

ஜன்னல்களை அடைத்தும் சுமத்ரா பக்கத்துக் காட்டுத்தீயின் புகை வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. ஈரமான விறகை யாரோ அடுத்த அறையில் எரிப்பது போன்ற வாசனை, திரைச்சீலையிலும் தலையணை உறையிலும் குழந்தையின் துணிகளிலும் படிந்து, துவைத்தாலும் போகாமல் இருந்தது. குருபோங்கின் இந்தத் தாமான் குடியிருப்பில் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் வீடுகளில் கடைசி நாலைந்து, பகலிலேயே மங்கித் தெரிந்தன. தலைக்கு மேலே விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடறி, டக் என்றது. சில சமயம் இடறாமல் சுற்றி, அவள் அதை மறக்கப்போகும் நேரத்தில் மறுபடியும் டக் என்றது.

அழித்தேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. இந்த ஒரு பக்கத்தில் மட்டுமல்ல, திறந்த ஒவ்வொரு ஃபைலிலும் இப்படி ஒரே ஓர் இடம் இருந்தது. ஒன்றில் கோட்டுக்குப் பதில் நட்சத்திரம். ஒன்றில் வரியின் முடிவில் தேவையில்லாத இடைவெளி. இன்னொன்றில் தலைப்புக்கும் பத்திக்கும் நடுவே விட வேண்டிய வெற்று வரி இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி அதே இரண்டு குறிப்புகள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நேற்று மடிக்கணினியை மூடினாள்.

இந்தக் கையேடுகளைப் பல வருடங்களாகப் பல கைகள் எழுதியிருந்தன. எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள். தலைப்பு வேண்டுமென்றால் வரியின் தொடக்கத்தில் ஒரு குறி, பட்டியல் வேண்டுமென்றால் இன்னொரு குறி. எழுதியவர்கள் எல்லாரும் அவரவர் பழக்கத்துக்குக் குறி போட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகும்போது ஒரு பட்டியல் நடுவில் உடையும், ஓர் எச்சரிக்கை முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் விதிகள் வகுத்து, செக்கரிடம் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவதற்காக அவளை எடுத்திருந்தார்கள். விதி மீறிய வரி சிவப்பாக வரும். சரியானால் பச்சை. முழுவதும் பச்சையானால் அவளுக்கு வேலை நிரந்தரம்.

அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. தாரணி பிறந்த பிறகு இந்த வீட்டில் எதுவுமே முடிந்ததில்லை. துணி மடித்து முடியாது, சோறு தின்று முடியாது, ஒரு தூக்கத்தைத் தூங்கி முடியாது. குழந்தை எந்த நேரத்தில் அழும், எதற்கு அழும் என்று ஒரு நாளும் கணிக்க முடிந்ததில்லை. கணவன் விமலனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில் வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவான். திரையில் மட்டும்தான் ஒரு சிவப்பு பச்சையாகி, பச்சையாகவே இருந்தது.

இருந்தது, நேற்று வரை.

மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். யார், எப்போது மாற்றினார்கள் என்பது அதில் தெரியும். நட்சத்திரத்தை மறுபடியும் வைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது.

யாரோ என் பாஸ்வேர்டை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். உடனே நினைவுக்கு வந்தது கோமளா. அவளுக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவள், திடீரென்று விட்டுப் போனவள். இந்த மடிக்கணினியே அவளுடையதுதான்.

வெளியே கேட் கிறீச்சிட்டது. தேவிக்கா. இரண்டு வீடு தள்ளி இருக்கும் இந்திராதேவி, கலைமகள் வேலை செய்யும் நேரத்தில் தாரணியைப் பார்த்துக்கொள்பவர். பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார்.

"இந்தா புடி ஒன் மகாராணிய. ஒரு வாய் கஞ்சிக்கு எங்க வீட்டு டிவிய ஒடைக்கப் பாத்தா."

தாரணியின் இடது கன்னத்தில், தாடைக்குச் சற்று மேலே, கறுப்பாக ஒரு பொட்டு. ஓரம் கலைந்து இழுபட்டிருந்தது.

"தேவிக்கா, மை வேணாம்னு சொன்னேன்ல. தோலு தடிச்சிருது."

"நான் எங்க வச்சேன்? நீ காலைல கொண்டாரும்போதே இருந்துச்சு லா."

"நான் வைக்கிறதே இல்ல."

தேவிக்கா அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி, வைக்கல. போயி மொதல்ல தூங்கு. கண்ணு ரெண்டும் குழில கெடக்கு."

கலைமகள் ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. பொய் சொல்லும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். வயதானவர்களுக்குப் பிடிவாதம். ஒரு பொட்டு வைக்காவிட்டால் உலகமே குழந்தையைப் பார்த்துக் கண் போட்டுவிடும் என்று ஒரு பயம். அழகான கன்னத்தில் வேண்டுமென்றே அசிங்கம். அதைத் துடைக்கும்போது, வரி முடிவில் தொங்கும் வெற்றிடத்தை அழிக்கும் அதே திருப்தி தனக்குள் எழுவதைக் கவனித்தாள்.

மறுநாளும் நட்சத்திரங்கள் வந்திருந்தன. மறுநாளும் பொட்டு வந்திருந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள். வந்தன. மேலாளர் ஹரிதாஸிடம் சொல்லலாமா என்று நினைத்து, நிரந்தரமாகாதவள் முதலில் சொல்லும் புகார் இதுவாக இருக்கக் கூடாது என்று விட்டாள். குழந்தையைத் தேவிக்காவிடம் விடும் முன் தன் வீட்டு வாசலிலேயே படம் எடுத்தாள். இனிப் பொய் சொல்ல முடியாது.

படத்தைப் பெரிதாக்கினாள்.

பொட்டு அதில் இருந்தது.

வாசல் படியில், தன் கையில், தான் எடுத்த படத்தில். அதைப் பார்த்தபடியே நின்றவள் மெல்லத் தன் வலது கையைத் திருப்பினாள். மோதிர விரலின் நகத்துக்கடியில் மெல்லிய கறுப்புக் கோடு. பூஜைத் தட்டுக்குப் பின்னால், குழந்தை பிறந்தபோது யாரோ கொடுத்த மைச்சிமிழ் கிடந்தது. அதைத் தொட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. மூடி திறந்திருந்தது. மையின் நடுவே புதிதாக ஒரு குழி. விரலை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

பயம் வரவில்லை. அதுதான் பிறகு நினைக்கும்போது அவளை உறுத்தியது. கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல வெட்கமும், வெட்கத்தின் பின்னாலேயே கோபமும் வந்தன. தூக்கமில்லாமல் கிடந்தால் இப்படித்தான், நினைவில்லாமல் பொட்டும் வைப்பேன், நட்சத்திரமும் வைப்பேன் என்று தனக்குத்தானே சொன்னாள். தனக்குள் ஒருத்தி தனக்குத் தெரியாமல் நடமாடுகிறாள் என்றால், அவளை முதலில் நிறுத்த வேண்டும். சிமிழைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். குப்பை லாரி வந்து எடுத்துப் போகும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள்.

பிறகு விதிகளைத் திறந்தாள். பார்க்காதே என்ற குறிப்புகள் எங்கே இருந்தாலும் அவற்றை மதிக்க வேண்டாம் என்று செக்கருக்கு எழுதினாள். தவறு கண்டால் காத்திருக்காமல் தானே திருத்திவிடவும் எழுதினாள். இனி எந்தக் கை வந்து எதை வைத்தாலும் நிற்காது.

ஓட விட்டாள். சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி ஒன்று சற்று நேரம் நின்றது. அதுவும் பச்சையானது.

பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் அதைத் தாழ்த்திவிட்டு நம்மை நேராகப் பார்க்கும்போது நம் முகத்தில் ஓர் உணர்வு வருமே, அப்படி ஒன்று அவளுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். சோபா. மடிக்காத துணி. சுவர்.

விசிறி இடறவில்லை. காத்திருந்தாள். இடறவேயில்லை.

அன்று தாரணி ஸ்பிரிங் தொட்டிலில் போட்ட உடனே தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். பசிக்கு அழவில்லை, கலைமகள் பால் புட்டியை எடுத்துவரும்போது விழித்துக் காத்திருந்தாள். வாயிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை. அப்படியென்றால் இப்படித்தான் மற்ற வீடுகளில் இருக்கிறதா என்று கலைமகள் வியந்தாள். உட்கார்ந்து, சூடாக, ஒரு கோப்பை டீயைக் குடித்து முடித்தாள். நிம்மதியாக இருந்தது. குழந்தை சத்தமில்லாமல் இருப்பதில் இவ்வளவு நிம்மதி ஒரு தாய்க்கு வரலாமா என்று நினைத்தாள், வந்தது.

ஹரிதாஸ் போன் செய்தார். "கலை, ரிப்போர்ட் பாத்தேன். ஒரு சிவப்பு கூட இல்ல. எப்படி லா செஞ்சீங்க? அடுத்த மாசம் கன்ஃபர்ம் பண்ணிடறேன், கவலப்படாதீங்க."

துணி காயப்போடப் பின்பக்கம் போனபோது மதிலின் மேல் பூனை உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கத்துப் பூனைகள் பலவற்றைப் போல இதற்கும் வால் நுனி முறிந்து கொக்கியாக மடங்கியிருக்கும். இன்று வால் மதிலை ஒட்டி நேராகத் தொங்கியது. வேறு பூனை என்று நினைத்தாள். அதே பழுப்பு, அதே கிழிந்த காது.

இல்லை. காது கிழிந்திருக்கவில்லை. வேறு பூனைதான்.

வெள்ளிக்கிழமை விமலன் வீடியோவில் வந்தான். புகையால் விமானங்கள் தாமதம், பாலத்தில் நெரிசல், இந்த வாரம் வர முடியாது என்றான். தாரணியைப் போனுக்கு முன் பிடித்தாள். குழந்தை சிரித்தது.

"பாரு பாரு, ரெண்டு பக்கமும் குழி விழுது," என்றான் விமலன். "என்னைய மாதிரியே."

"ஒங்களுக்கு ஒரு பக்கம்தானேங்க விழும்?"

"யாரு சொன்னா? ரெண்டு பக்கமும்தான்." அவன் சிரித்துக் காட்டினான். இரண்டு கன்னத்திலும், ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில். "கல்யாணம் பண்ணி இத்தன வருஷமாவுது, புருசன் மொகத்த ஒழுங்கா பாக்கல நீ."

அவள் அந்த இடது கன்னத்துக் குழியைப் பார்த்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். வலது கன்னம் சிரிக்கும்போது தட்டையாகவே இருக்கும். அதனால் அவன் சிரிப்பு எப்போதும் பாதி கேலி போலத் தெரியும். போனில் இருந்த பழைய படங்களைத் தேடினாள். கல்யாணப் படம். மருத்துவமனைப் படம். எல்லாவற்றிலும் இரண்டு குழி. அவளுடைய ஞாபகத்தில் மட்டும்தான் ஒன்று.

தாரணியை மடியில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்தே இடது காது சற்று வெளியே நிற்கும். உச்சிச் சுழி ஒரு பக்கம் தள்ளி இருக்கும். விரலால் தடவித் தேடினாள். சுழி சரியாக நடுவில் இருந்தது. குழந்தை அவளை இமைக்காமல் பார்த்தது. பிறகு இமைத்தது. பிறகு, கலைமகள் எதிர்பார்த்த அதே கணத்தில், மறுபடியும் இமைத்தது.

அன்று மத்தியானமே காரை எடுத்தாள். அந்தக் குறிப்புகளைப் பற்றித் தெரிந்திருக்கக்கூடியவள் கோமளா ஒருத்திதான். கோமளாவின் முகவரியை ஹரிதாஸிடம் கேட்டபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பெம்பான் தாண்டிச் சுங்கை ரம்பாய்க்குப் போகும் சாலையில் எண்ணெய்ப்பனைகள் புகைக்குள்ளிருந்து வரிசை வரிசையாக வந்து, வரிசை வரிசையாகப் பின்னால் போயின. அவை எப்போதும் அப்படித்தான் நிற்கும், இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள். பின் இருக்கையில் குழந்தை சத்தமே செய்யவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். விழித்திருந்தது.

கோமளா வீட்டு முன்கூரையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "வாங்கம்மா. சாப்டீங்களா?" என்றார்.

"சாப்டேன் ண்ணே. கோமளாக்கா இருக்காங்களா?"

உள்ளிருந்து வந்த கோமளாவுக்கு ஐம்பது வயதிருக்கலாம். நைட்டியின் மேல் துண்டைப் போட்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கலைமகளைப் பார்க்கவும் இல்லை. கையில் இருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"எத்தன எடுத்தே?"

"என்னாக்கா?"

"நட்சத்திரம். ஸ்பேஸு. எத்தன ஃபைல்ல எடுத்தே?"

"எல்லாத்துலயும்."

கோமளா பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள். 

"நான் ஒன்னே ஒன்னுலதான் எடுத்தேன்," என்றாள் மெதுவாக. "கண்ணுல உறுத்துதேன்னு. அந்த வாரமே இவரு குடிய விட்டுட்டாரு. லாரி கவுந்து வளைஞ்ச காலு, நேரா வந்துருச்சு. பக்கத்துல எல்லாம் என்னா வைத்தியம்னு கேட்டாங்க. நான் பால்கொடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டேன், தெரியுமா? அவ்ளோ சந்தோசம்."

"அப்பறம்?"

"அப்பறம் இதான்."

நாற்காலியில் இருந்த அவள் கணவர் நல்லமுத்து நிமிர்ந்து பார்த்தார். "வாங்கம்மா. சாப்டீங்களா?" என்றார். அதே குரல். அதே இடத்தில் அதே ஏற்றம். அவர் முன்னால் தட்டில் இருந்த பயத்தங்காய்த் துண்டுகள் அனைத்தும் ஒரே நீளம். ஒன்றுகூடக் கோணலாகக் கிடக்கவில்லை.

"பாட்டுப் பாடுவாரு," என்றாள் கோமளா. "தைப்பூசத்துக்கு காவடி முன்னால. சுருதியே சேராது. ஊரே சிரிக்கும். நான் தலையில அடிச்சிக்குவேன், வாய மூடுயான்னு."

"நீங்க அத மறுபடி வைக்கலியா?"

"வச்சேன். ஃபைலு பழைய மாதிரி ஆச்சு. மனுசன் ஆவல. அதுக்கப்பறம் அந்தத் திரையப் பாக்கவே முடியல, விட்டுட்டு வந்துட்டேன். அடுத்து வர்றவகிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. என்னான்னு சொல்லுவேன்? பைத்தியம்னுதானே சொல்லுவே."

"யாருக்கா மொதல்ல வச்சது?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க. அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. எல்லாம் நம்மாளுங்கதான், எஸ்டேட்லேருந்து படிச்சு வந்தவங்க. வீடு கட்டுனா பூசணிக்கா தொங்க வுடறோம். புள்ளைக்கு மை வைக்கறோம். முழுசா முடிச்சத அப்படியே வுட மாட்டோம்ல."

"அது கண்ணு படாம இருக்கத்தானே? இதுல எங்கக்கா கண்ணு?"

"எனக்குத் தெரியாது ம்மா." கோமளா முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "பாக்காதேன்னு எழுதிருந்த வரிய எடுத்தவ நீ."

புறப்படும்போது கோமளா கார் வரை வந்தாள். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தாள்.

"எம்மாம் நேரமாச்சு. ஒரு தடவ கூட அழல," என்றாள். "அழ வச்சுப் பாரு. எப்படியாச்சும் அழ வையி."

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புகைக்குப் பின்னால் சூரியன் ஒரு சிவப்புப் பொத்தானாக நின்றது. மசூதியிலிருந்து மாலைத் தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. குழந்தையைத் தரையில் பாயில் போட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு நட்சத்திரம் போட்டாள். சேமித்தாள். அது கோடானது. செக்கரை நிறுத்தினாள். நட்சத்திரம் போட்டாள். சேமிக்கும் முன்பே கோடானது. தான் எழுதிய விதியை அழித்தாள். அழித்த இடத்தில் அது இருந்தது. வேண்டுமென்றே தாறுமாறாகத் தட்டினாள். எழுத்துகள் ஓரத்தில் ஒதுங்கி, வரிசையாக நின்றன.

ஹரிதாஸை அழைத்தாள். "பழைய காப்பி இருக்கும்ல? நான் சேர்றதுக்கு முன்னாடி உள்ளது. அத அனுப்புங்க, ப்ளீஸ்."

"பாத்தேன் கலை. பழசும் பச்சதான்."

"இல்ல, அதுல தப்பு இருந்துச்சு. எல்லாத்துலயும் இருந்துச்சு."

"இல்லியே. எப்பவும் இப்படித்தானே," என்றார். "அடுத்த மாசம் கன்ஃபர்ம் பண்ணிடறேன், கவலப்படாதீங்க."

அதே ஏற்றம். போனை வைத்தாள்.

பாயில் தாரணி மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையும் ஒரே அகலத்தில். இரண்டு காலும் ஒரே வளைவில். கலைமகள் பக்கத்தில் மண்டியிட்டாள். குழந்தையின் தொடையைப் பிடித்தாள். அழ வைக்கத்தான். கிள்ளினாள். மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று சொல்லிக்கொண்டே, இன்னும் அழுத்தமாகக் கிள்ளினாள்.

குழந்தை சிரித்தது. இரண்டு குழி.

மை இல்லை. தூக்கி எறிந்தது அவள்தான். காமாட்சி விளக்கை ஏற்றினாள். கரண்டியின் பின்பக்கத்தைச் சுடரில் பிடித்தாள். கரி பிடித்தது. எண்ணெய் தொட்டு விரலில் குழைத்தாள். இடது கன்னத்தில், தாடைக்குச் சற்று மேலே, பெரிதாக, கோணலாக அப்பினாள்.

காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கரும்புள்ளி அப்படியே நின்றது. ஓரம் கலைந்து, அசிங்கமாக, அழகாக. மூச்சு விட்டாள்.

வலது கன்னத்தில், தோலுக்கடியிலிருந்து, ஏதோ மெல்லக் கறுத்தது.

அதே உயரம். அதே கோணல், எதிர்ப்பக்கமாக. அதே கலைந்த ஓரம்.

ஒன்றைத் துடைத்தாள். இரண்டும் போயின. நெற்றியின் ஓரத்தில் வைத்தாள். மறு ஓரத்தில் வந்தது. உள்ளங்கைக் கரியை முகமெங்கும் பூசினாள். கரி தானாக விலகியது. நடுவில் ஒரு கோடு விட்டு, இரண்டு பக்கமும் சமமாக நின்றது. அதன் நடுவிலிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. இமைத்தன. அவளும் இமைத்திருந்தாள். அதே கணத்தில்.

குழந்தையை வாரி எடுத்தாள். இடது இடுப்பில் வைத்தாள். தேவிக்கா. தேவிக்காவிடம் போக வேண்டும். வேறு எங்கே என்று தெரியவில்லை. செருப்பு போடவில்லை. கேட்டைத் தள்ளினாள்.

சாலை அமைதியாக இருந்தது. தொழுகை அழைப்பு முடிந்திருந்தது. புகை தெருவிளக்குகளின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் கேட்டைத் திறந்துகொண்டு நின்றாள். இடது இடுப்பில் அவள் மகன். அடுத்த கேட்டில் தேவிக்கா.

"தேவிக்கா," என்றாள்.

தேவிக்கா செருப்பில்லாமல் நின்றார். அவரிடம் குழந்தை இல்லை. ஆனாலும் இடது கை மடங்கி, இடுப்புக்கு வெளியே, வெறும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச்சாரியில், தினமும் இந்த நேரத்தில் மூங்கில் செடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சீனக் கிழவர். பனியனும் கால்சட்டையுமாக. அவர் கையும் அப்படியே மடங்கியிருந்தது. அவருக்கு அப்பால் இன்னொருவர். இன்னொருவர். ஒவ்வொரு கேட்டிலும் ஒருவர். புகைக்குள் கடைசி வீடு வரை.

எல்லாரும் தலையைச் சற்று வலப்பக்கம் சாய்த்திருந்தார்கள்.

தன் தலை சாய்ந்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நிமிர்த்தினாள்.

நிமிர்த்தினார்கள்.

அசையக் கூடாது என்று நினைத்தாள். நின்றாள். குழந்தை கனத்தது. கை மரத்தது. இனித் தாங்காது என்று ஆனபோது, மெதுவாக, மிக மெதுவாக, தாரணியை வலது இடுப்புக்கு மாற்றினாள்.

தெரு முழுவதும், கடைசி வீடு வரை, மாற்றியது.